உங்களுக்குத் தெரியுமா? தானியத்துக்குள் நஞ்சு நுழையும் வழி

★ ஜப்பானின் தொயாமா மாகாணத்தில், ஜின்சு ஆற்றங்கரை ஊர்களில் ஒரு நோய் பல பத்தாண்டுகள் ஆட்டிப்படைத்தது. பல பிள்ளைகளைப் பெற்று நடுவயதைத் தாண்டிய பெண்களையே அது அதிகம் பிடித்தது. எலும்பு மெலிந்துபோகும், இருமினாலே விலா முறியும். நோயாளிகள் ‘வலிக்குதே, வலிக்குதே’ என்று ஜப்பானிய மொழியில் அலறிய ‘இதாய், இதாய்’ என்பதே நோயின் பெயராகிவிட்டது. காரணம், ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கமியோகா துத்தநாகச் சுரங்கம். அதன் கழிவிலிருந்த கேட்மியம் ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து, அரிசிக்குள் ஏறியது. 1968இல் ஜப்பான் அரசு இது தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 1972இல் மேல்முறையீட்டிலும் நோயாளிகளே வென்றார்கள். வயல்மண்ணைச் சீராக்கும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது.

ஒரே மண்ணில் நட்டாலும் எல்லா நெல்லும் ஒரே அளவு கேட்மியத்தை எடுப்பதில்லை. இது ஏன் என்று கேட்கப் போனவர்களுக்குக் கிடைத்த விடைகளே இந்த இதழின் துணுக்குகள்.

★ கேட்மியத்துக்கென்று நெல்லில் தனி வாசல் கிடையாது. செடிக்கு அந்த உலோகத்தால் ஒரு பயனும் இல்லை, பிறகு ஏன் வாசல் வைக்கப்போகிறது? மாங்கனீசு வருவதற்காக வைத்த வாசலில் கேட்மியமும் நுழைந்துவிடுகிறது. அந்த வாசல் ‘என்ராம்ப்-5’ என்ற புரதம். அதை உண்டாக்கும் மரபணுவுக்கும் அதே பெயர்தான். நெல்வேரில், மண்ணிலிருந்து வரும் நீரை வடிகட்ட இரண்டு அடுக்குத் தடுப்பு உண்டு. இரண்டு அடுக்கின் உயிரணுக்களிலும் மண்ணைப் பார்த்த பக்கத்தில் இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. 2012இல் ஒகாயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர் இதை விளக்கினார்கள். இந்தப் பேராசிரியரின் பெயரைக் கீழே மறுபடியும் பார்ப்பீர்கள். நெல்வேரில் அவர் தட்டிப்பார்க்காத வாசல் குறைவு.

★ என்ராம்ப் குடும்பம் முதலில் பிடிபட்டது பயிரில் அல்ல, எலியில். சில எலிகள் மட்டும் சால்மோனெல்லாவையும் காசநோய்க் கிருமியின் உறவினங்களையும் எதிர்த்து நிற்பது எப்படி என்று தேடியவர்களுக்கு 1993இல் சிக்கிய மரபணு அது. நம் குடலில் உணவிலிருந்து இரும்பை உறிஞ்சும் ‘டிஎம்டி-1’ புரதமும் அதே குடும்பம்தான். உடலில் இரும்பு குறையும்போது குடல் இந்த வாசல்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். சாப்பாட்டில் கேட்மியம் இருந்தால் அதுவும் கூடவே அதிகமாக ஏறும். இரும்புச்சத்துக் குறைவான பெண்களின் உடலில் கேட்மியம் கூடுதலாகச் சேர்வது இதனால்தான். உள்ளே போனது சிறுநீரகத்தில் தங்கிவிடும். அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும்.

ஆக, நெல்லின் வேரும் மனிதக் குடலும் ஒரே குடும்பத்து வாசலால் ஏமாறுகின்றன. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மறக்க முடியாத செய்தி இது.

★ கேட்மியம் 1817இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மானியரான ஃபிரீட்ரிச் ஸ்ட்ரோமேயர் அதைக் கண்டது மருந்துக்கடைக்கு வந்த துத்தநாகக் கார்பனேட்டில். துத்தநாகம் எங்கே இருந்தாலும் அதன் பக்கத்தில் இதுவும் இருக்கும். பயிருக்குள்ளும் அப்படித்தான்: துத்தநாகத்தை வேரிலிருந்து தண்டுக்கு ஏற்றும் ‘எச்எம்ஏ-2’ புரதம் கேட்மியத்தையும் ஏற்றிவிடுகிறது.

★ ஜப்பானில் அதிகம் விளையும் கோஷிஹிகாரி நெல்லின் விதைகள் மீது ஆராய்ச்சியாளர்கள் கார்பன் அயனிக் கற்றையைப் பாய்ச்சினார்கள். அடுத்த தலைமுறையில் 2,592 செடிகளைச் சோதித்தபோது மூன்று மட்டும் கேட்மியத்தைக் கிட்டத்தட்ட எடுக்காமல் நின்றன. மூன்றிலும் பழுதானது ஒரே மரபணு, நம் என்ராம்ப்-5. ஆனால் பழுது மூன்று விதம். ஒன்றில் டிஎன்ஏவின் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. இன்னொன்றில் 433 எழுத்து நீளமுள்ள, இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. மூன்றாவதில் சுமார் 2,27,000 எழுத்துகள் அடங்கிய பகுதியே போயிருந்தது. மாசுபட்ட வயலில் நட்டபோதும் இவற்றின் அரிசியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கேட்மியம் இருந்தது. விளைச்சலில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. 2012இல் இந்த முடிவுகள் வெளியாயின. இந்தச் செடிகளின் வழியில் வந்த ‘கோஷிஹிகாரி கான் 1’ என்ற ரகம் 2015இல் பதிவானது.

★ அங்கிருந்து கதை அகிதா மாகாணத்துக்குப் போகிறது. பழைய சுரங்கங்கள் நிறைந்த மாகாணம் அது. அதன் பெருமை ‘அகிதா கொமாச்சி’ அரிசி. மேலே சொன்ன பழுதான மரபணுவைக் கலப்பினத்தின் மூலம் ஏற்றி ‘அகிதா கொமாச்சி ஆர்’ என்ற ரகத்தை உண்டாக்கி, 2025 முதல் அந்த விதைக்கே மாறுவதென்று மாகாணம் முடிவெடுத்தது. உடனே எதிர்ப்பு. ‘கதிர்வீச்சு அரிசி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடைக்கு வரும் அரிசி மீது யாரும் எதையும் பாய்ச்சவில்லை. பல தலைமுறைகளுக்கு முந்தைய ஒரு விதையில் பட்ட கற்றை அது. அதனால் இன்றைய பயிரில் கதிரியக்கம் எதுவும் கிடையாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாங்கனீசு வாசலை அடைத்தால் மாங்கனீசும்தானே குறையும்? குறைகிறது. நீர் நிற்கும் வயலில் மாங்கனீசு தாராளமாகக் கரைந்து கிடைப்பதால் பயிர் சமாளித்துக்கொள்கிறது. மாங்கனீசு குறைந்த மண்ணில் அப்படி முடிவதில்லை. இலையில் பழுப்புப் புள்ளி நோய் எளிதாகத் தொற்றுகிறது. எந்த மண்ணில் இந்த ரகத்தை நடலாம், எதில் கூடாது என்ற வாதம் நடந்திருந்தால் விவசாயிக்கு லாபம். கதிரைப் பற்றிய கூச்சலால் யாருக்கும் லாபமில்லை.

★ இதற்கு நேர் எதிரான வழியில் அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்த நெல் ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தின் பொக்காளி. கொச்சியைச் சுற்றியுள்ள உப்புத்தண்ணீர்க் கழிகளில், நெல் அறுத்த கையோடு இறால் வளர்க்கும் வயல்களில் விளையும் பழைய ரகம். உப்பைத் தாங்குவதற்காக உலகம் முழுவதும் நெல் ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேடி வருவார்கள். ஜியான் ஃபெங் மா குழு இதில் வேறொன்றைப் பார்த்தது: பொக்காளியின் அரிசியில் கேட்மியம் குறைவு. மரபணுவைத் திறந்து பார்த்தால், என்ராம்ப்-5 பழுதாகியிருக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பிரதிகளாக இருந்தது!

வாசல் இரண்டானால் நஞ்சு இரட்டிப்பாகத்தானே ஏற வேண்டும்? வேரின் அணுக்களுக்குள் மாங்கனீசும் கேட்மியமும் கூடுதலாகவே நுழைகின்றன. ஆனால் அங்கிருந்து மேலே போகும் நீர்க்குழாய்களுக்குள் கேட்மியம் இறங்குவது குறைந்துவிடுகிறது. வந்தது வேரோடு நின்றுவிடுகிறது. இந்த இரட்டை மரபணுவைக் கோஷிஹிகாரிக்குள் கலப்பினம் செய்து ஏற்றிப் பார்த்தார்கள். கடுமையாக மாசுபட்ட மண்ணிலும் அரிசியில் கேட்மியம் குறைந்தது. விளைச்சலும் சோற்றின் ருசியும் அப்படியே இருந்தன. 2022இல் வெளியான ஆய்வு இது. மாங்கனீசுக்கும் பஞ்சமில்லை என்பதால், என்னைக் கேட்டால் வாசலை அடைத்த வழியைவிடப் பொக்காளியின் வழியே மேல். அந்த வழியைக் கண்டது ஆய்வுக்கூடம் அல்ல, விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த உழவர்களின் வயல்.

★ ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும்? ‘எச்எம்ஏ-3’ என்ற இன்னொரு புரதம் வேரணுக்களில் இருக்கிறது. நுழைந்துவிட்ட கேட்மியத்தைப் பிடித்து அணுவுக்குள்ளேயே இருக்கும் வாக்குவோல் என்ற பையில் போட்டுப் பூட்டுவது அதன் வேலை. நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய நெல்லில் இது நன்றாக வேலை செய்கிறது. அஞ்சனா தான் என்ற இண்டிகா நெல்லில் வேலை செய்வதில்லை. இரண்டையும் ஒப்பிட்டபோது, 80ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அமினோ அமிலம் மாறியிருந்ததே காரணம் என்று 2010இல் தெரிந்தது. பூட்ட ஆளில்லாததால் கேட்மியம் பெருமளவில் தண்டுக்கும் இலைக்கும் ஏறுகிறது.

★ அப்படிப்பட்ட ரகத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? ஜப்பானியர்கள் அதையும் வேலைக்கு வைத்தார்கள். சோகோகோகு என்ற நெல் மண்ணிலிருந்து கேட்மியத்தை அள்ளி எடுக்கும். மாசுபட்ட வயலில் தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு ஆண்டு இதையே நட்டு, தாளோடு அறுத்து அப்புறப்படுத்தினார்கள். மண்ணில் கேட்மியம் 38 விழுக்காடு குறைந்தது. அதன்பிறகு அதே வயலில் நட்ட சாப்பாட்டு நெல்லில் 47 விழுக்காடு குறைவாகவே ஏறியது. சாப்பிடுவதற்கு ஆகாத நெல் வயலைக் கழுவ ஆகிறது.

★ பாஸ்தாவும் மக்ரோனியும் செய்கிற டியூரம் கோதுமையில், ரொட்டிக் கோதுமையைவிடக் கேட்மியம் அதிகம். காரணம் 5பி குரோமோசோமில் உள்ள எச்எம்ஏ-3 மரபணு. அதில் 17 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டுவிட்டன. அதனால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. வேரில் பூட்டு இல்லை. 2019இல் டியூரத்தின் முழு மரபுத்தொகுதியை வெளியிட்டவர்கள் இந்தப் பிழையின் வரலாற்றையும் தேடினார்கள். காட்டு எம்மர் கோதுமையில் அது தென்படவே இல்லை. மனிதர் பயிரிட்ட எம்மரில் தொடங்கி, இன்றைய டியூரத்துக்கு வரவரப் பெருகியிருக்கிறது. உதிராத மணி, பருத்த மணி என்று நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்த அதே காலத்தில் இதுவும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிட்டது. கேட்மியத்துக்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. அந்தக் காலத்து உழவருக்கு எப்படித் தெரியும்?

கனடா இதை முன்பே கவனித்தது. சஸ்காட்செவன் மாநிலத்து அரசு ஆய்வு நிலையத்தில் உருவான ‘ஸ்ட்ராங்ஃபீல்ட்’ டியூரத்தில் பழுதில்லாத மரபணு இருக்கிறது. அந்நாட்டு உழவர்கள் அதைப் பெருவாரியாக விதைத்தார்கள்.

★ வாற்கோதுமையில் ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு நல்லது செய்திருக்கிறது. எச்எம்ஏ-3 மரபணுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து அதை அதிகமாக வேலை செய்ய வைக்கிறது. மணியில் கேட்மியம் குறைகிறது. 2020இல் வெளியான ஆய்வில் இந்தத் துண்டைக் கலப்பினத்தின் மூலம் இன்னொரு ரகத்துக்கும் கொண்டுபோனார்கள்.

★ இனி ஆர்செனிக். நெல்லைப்போல் சிலிகானை உறிஞ்சும் பயிர் அரிது. தண்டு, இலையின் உலர்எடையில் 10 விழுக்காடு வரை அது இருக்கலாம். தாள் சாயாமல் நிற்பதும், குலைநோயைத் தாங்குவதும், உமி சொரசொரப்பாக இருப்பதும் அதனால்தான். சிலிகானுக்கான வாசல்கள் இரண்டு: வெளிப்பக்கம் ‘எல்எஸ்ஐ-1’, உட்பக்கம் ‘எல்எஸ்ஐ-2’. 2006லும் 2007லும் மா குழுதான் இவற்றையும் கண்டறிந்தது. 2008இல் கெட்ட செய்தி வந்தது. நீர் நிற்கும் வயலில் ஆர்செனிக் எடுக்கும் வடிவமான ஆர்செனைட், வேர் எடுக்கும் சிலிகான் வடிவமான சிலிசிக் அமிலத்தின் அளவிலும் உருவிலும் இருப்பதால், இரண்டு வாசலையும் தாண்டிப் போய்விடுகிறது. கோதுமையைவிட அரிசியில் ஆர்செனிக் அதிகம் சேர்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த வாசலை அடைக்க முடியாதா என்றால், அடைத்துப் பார்த்தார்கள். ஆர்செனிக் குறைந்தது. சிலிகான் இல்லாமல் பயிரும் நொந்து விளைச்சலும் விழுந்தது. மாங்கனீசு விஷயத்தில் கிடைத்த சலுகை இங்கே கிடைக்கவில்லை. ஆகவே எதிர்வழி: சிலிகானை அதிகமாகக் கொடுத்து வாசலில் நெரிசலை உண்டாக்குவது. உமியையும் வைக்கோலையும் வயலுக்கே திருப்பிக் கொடுப்பது எதற்கு உதவும் என்று கேட்டால், இதற்கும் உதவும்.

★ அரிசியில் இருக்கும் ஆர்செனிக் ஒரே மாதிரியானது அல்ல. கரிமம் சேராத வடிவமே மனிதருக்கு அதிகக் கேடு. கரிமம் சேர்ந்த வடிவங்களும் மணியில் இருக்கும். ஆனால் அவற்றை நெல் தயாரிப்பதில்லை. நெல்லுக்கு அந்த வித்தை தெரியாது. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் செய்து வைத்ததைச் செடி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

★ முற்றிய நெற்கதிர் தலை குனியும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சில வயல்களில் அறுவடைக் காலத்திலும் கதிர் நிமிர்ந்தே நிற்கும். உள்ளே பாலே பிடித்திருக்காது, அத்தனையும் பதர். ஒரு காலத்தில் அங்கே பருத்தி விளைந்தது. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டைக் கொல்லவும் களையை அழிக்கவும் ஆர்செனிக் மருந்துகளைக் கொட்டினார்கள். பருத்தி போய் நெல் வந்தது. மருந்து மண்ணிலேயே இருந்தது. இதைத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுப்பதே அங்கே நெல் ஆராய்ச்சியின் ஒரு கிளையாகிவிட்டது.

★ ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று நம் உழவர்கள் சொல்வார்கள். வயலைக் காயவிட்டு, மறுபடி நீர் பாய்ச்சும் முறை. திருந்திய நெல் சாகுபடியில் தண்ணீரை மிச்சப்படுத்த இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். மாசுபட்ட மண்ணில் இந்த முறைக்கு இரண்டு முகம் உண்டு.

நீர் நின்றால் மண்ணில் காற்றோட்டம் போய்விடும். இரும்புத் துகள்களில் ஒட்டியிருந்த ஆர்செனிக் கரைந்து வேருக்கு வரும். கேட்மியமோ கந்தகத்தோடு சேர்ந்து மண்ணிலேயே அடங்கிவிடும். வயல் காய்ந்தால் எல்லாம் தலைகீழ்: ஆர்செனிக் அடங்கும், கேட்மியம் அவிழும். ஜப்பானின் மாசுபட்ட பகுதிகளில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று வாரம் வீதம் வயலில் தண்ணீரைக் கட்டியே வைக்கச் சொல்கிறார்கள். அது கேட்மியத்துக்கு மருந்து, ஆர்செனிக்குக்கு விருந்து.

கேட்மியம் எடுக்காத ரகத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும். அந்த ரகத்தை நட்டவர் வயலைத் துணிந்து காயவிடலாம். கேட்மியத்தை மரபணு பார்த்துக்கொள்ளும், ஆர்செனிக்கை வெயில் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் மண்ணில் இவை இல்லாத வயல்களில் காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

★ கதிருக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசிக் கணுவில் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது. அங்கே ‘ஏபிசிசி-1’ என்ற புரதம், மேலே போகும் ஆர்செனிக்கைப் பிடித்து அணுக்களின் பைகளில் அடைக்கிறது. அந்த மரபணுவை முடக்கிய செடிகளின் மணியில் ஆர்செனிக் கூடியது. இது 2014இல் தெரிந்தது.

★ சீனாவில் 2013 மே மாதம் பெரிய பரபரப்பு. குவாங்சோ நகர உணவுத்துறை சோதித்த 18 அரிசி மாதிரிகளில் 8இல் கேட்மியம் வரம்பு மீறியிருந்தது. மூட்டைகளில் பல ஹுனான் மாநிலத்திலிருந்து வந்தவை. சீனாவின் நெற்களஞ்சியங்களில் ஒன்று, சுரங்கங்களும் அங்கேதான். அடுத்த ஆண்டு வெளியான தேசிய மண் கணக்கெடுப்பில் விளைநிலத்து மாதிரிகளில் 19.4 விழுக்காடு மாசுபட்டவை என்று அரசே ஒப்புக்கொண்டது. மாசுகளில் முதலிடம் கேட்மியத்துக்கு.

2017இல் ஹுனானின் ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையால் என்ராம்ப்-5ஐ வெட்டிய இண்டிகா நெல்லை வயலில் வளர்த்துக் காட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கலப்பின நெல்லின் தந்தை யுவான் லாங்பிங்கும் கேட்மியம் நீக்கிய நெல் கைகூடியதாக அறிவித்தார். பட்டினியைப் போக்கியவர் என்று கொண்டாடப்பட்டவர் அவர். கடைசிக் காலத்தில் அவர், அரிசி எவ்வளவு என்பதோடு அரிசிக்குள் என்ன என்பதையும் கவனித்தார்.

★ நெல்லின் இரண்டு பெரிய வகைகளில், பொதுவாக ஜப்போனிகாவைவிட இண்டிகா கேட்மியத்தை அதிகம் ஏற்றும். நாம் சாப்பிடுவது இண்டிகா.

★ வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கேட்மியம் வரை இருக்கலாம் என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் கணக்கு. சீனா 0.2க்கு மேல் விடுவதில்லை. ஜப்பான் நெடுங்காலம் 1.0 என்று வைத்திருந்து, 2011இல்தான் 0.4க்கு இறங்கியது. ஆர்செனிக்குக்குக் கோடெக்ஸ் வரம்பு வைத்ததே 2014இல்: தீட்டிய அரிசியில் கரிமம் சேராத ஆர்செனிக் 0.2 மில்லிகிராம்.

★ கிருமியைக் கொல்ல வந்த புரதம் உலோகத்தை வண்டியேற்றவும் செய்யும். நெல்லில் உள்ள ‘கேல்-1’ புரதம் கிருமி எதிர்ப்புப் புரதங்களின் சாயல் கொண்டது. கேட்மியத்தைப் பற்றிக்கொண்டு நீர்க்குழாய் வழியாக இலைக்குக் கொண்டுபோகிறது. ஆனால் மணிக்குள் சேர்ப்பதில்லை. தாளில் கேட்மியம், அரிசி சுத்தம் என்று ஒரே செடியில் இரண்டையும் சாதிக்கலாம் என்று 2018இல் ஆசை பிறந்தது. அந்த வைக்கோலை மாட்டுக்குப் போட முடியாது என்பதையும் யாராவது திட்டத்தில் எழுதி வைத்தால் நல்லது.

★ நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகத்தினரும் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 4,000க்கு மேற்பட்ட திரிந்த நெல்வரிசைகளை அலசினார்கள். ‘ஆஸ்டால்-1’ என்று பெயரிட்ட ஒன்றில் ஆர்செனிக் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடலுக்குத் தேவையான செலீனியம் கூடியிருந்தது. கந்தகத்தைச் செடி கையாளும் முறையில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறது. 2021இல் வெளியானது. வாசல் எதையும் அடைக்காமல் வந்த நன்மை என்பதால் இதன்மேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை.

★ பாதரசம் என்றால் மீன்தான் நினைவுக்கு வரும். சீனாவின் குய்சோ மாநிலத்தில், பாதரசச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள உள்நாட்டு ஊர்களில், மெத்தில் பாதரசம் மக்களின் உடலுக்குள் போகும் முக்கிய வழி மீன் அல்ல, அரிசி.

★ மரபணுவெல்லாம் ஆராய்ச்சியாளர் பாடு. நம் அடுப்படியில் செய்யக்கூடியது என்ன? கேட்மியம் மணியின் உள்ளே புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினால் பெரிதாகப் போகாது. ஆர்செனிக்கும் வெறுமனே கழுவினால் அதிகம் போகாது, வடித்தால் போகும். அரிசியைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால், கரிமம் சேராத ஆர்செனிக்கில் 40 முதல் 60 விழுக்காடு நீங்கும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. குக்கர் வருமுன் நம் வீடுகளில் நடந்தது இதுதான். சில வைட்டமின்களும் கஞ்சியோடு போகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் பல ஊர்களில் இருப்பதுபோல் வேகவைக்கும் தண்ணீரிலேயே ஆர்செனிக் இருந்தால், வடித்தும் பயனில்லை. சோற்றில் அது கூடத்தான் செய்யும்.

இன்னொன்று தவிடு. தீட்டாத அரிசியில் ஆர்செனிக் கூடுதல், ஏனென்றால் அது மேலடுக்கில் அதிகம் சேர்கிறது. நார்ச்சத்துக்காகச் சிவப்பரிசியோ கைக்குத்தலோ சாப்பிடும் பெரியவர்கள் இதற்காக அதை நிறுத்த வேண்டாம். கைக்குழந்தைகள் விஷயம் வேறு. எடை குறைவு, வயிறு நிறைய ஒரே உணவு. அதனால்தான் 2020இல் அமெரிக்கா குழந்தைகளுக்கான அரிசி மாவுக்கு மட்டும் தனியாக, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று இறுக்கமான அளவு வைத்தது. உங்கள் வீட்டில் திட உணவு தொடங்கும் குழந்தை இருந்தால், தினமும் அரிசிக்கஞ்சியே கொடுக்காதீர்கள். ஒரு நாள் கேழ்வரகு, ஒரு நாள் கோதுமை, ஒரு நாள் பயறு என்று மாற்றிக் கொடுங்கள்.